தலைசுற்றலுக்கு மாத்திரையா, ஸ்கேனா, கட்டில் வைத்தியமா?

"அண்ணாச்சி, தலைசுற்றலுக்கு ஒரு அட்டை மாத்திரை கொடுங்கள்."

அம்பாசமுத்திரம் பக்கம் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தக் குரலைக் கேட்காமல் கடையை அடைத்த நாள் நினைவில் இல்லை. வயலிலிருந்து நேரே வந்தவர் கேட்பார். பீடியை ஒப்படைத்துவிட்டு வரும் வழியில் நிற்கும் பெண் கேட்பார். வீட்டில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் மாமியாருக்காக மருமகள் கேட்பார். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, ஆளைத் தள்ளுகிறதா?" பாதிப் பேர் யோசிப்பார்கள். மீதிப் பேர் "எல்லாம்தான்" என்பார்கள்.

குழப்பம் தொடங்குவது அந்த "எல்லாம்தான்" என்ற இடத்தில். ஒருவர் மாத்திரை போதும் என்கிறார். பக்கத்து வீட்டார் ஸ்கேன் எடுத்துவிடு என்கிறார். ஆச்சி பித்தம் என்கிறாள். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்கிறார். மருமகன் கைபேசியில் யாரோ தலையைத் திருப்பிப் படுக்கும் காட்சியைக் காட்டுகிறான். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கேட்பவர்களுக்குக் கல்லாவில் நின்றபடி முழுவதும் சொல்ல முடிவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன், மருந்தாளுநன். என் வியாபாரத்துக்கு எதிரான வரிகளும் இதில் வரும். என் அம்மாவுக்கு மூன்று ஆண்டுகள் அதே அட்டைகளை என் கடை அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த வரிகளை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

## ஒப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாத நேரம்

தலைசுற்றலோடு பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு கையோ காலோ சோர்ந்தால், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தால், பிடிக்காமல் நிற்கவோ உட்காரவோ முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108ஐ அழையுங்கள். சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ போகும் ரத்தம் அடைபட்டால் இப்படித்தான் தொடங்கும். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையடிவாரக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வண்டி போய்ச் சேரவே அதில் ஒரு பங்கு கரைந்துவிடும். "மோர் குடித்துப் பார்ப்போம், விடிந்ததும் போவோம்" என்பதற்கு அங்கே இடம் இல்லை.

மயங்கி விழுந்து நினைவு தப்பினாலும், நெஞ்சு படபடத்துத் தலைசுற்றினாலும் அப்படியே. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஆம்புலன்ஸ் தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் திரும்ப வேண்டிய செவித்திறன் திரும்பாமல் போகலாம்.

## எதை வைத்து அளப்பது

ஆபத்து அறிகுறி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் அளவுகோல் மருந்தைப் பற்றியதே அல்ல, நோயைப் பற்றியது. "சுற்றுகிறதா, இருட்டுகிறதா" என்று நான் கேட்பேன் என்றேன். உண்மையில் அந்தப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் அதே ஆளே மாற்றிச் சொல்வார். மாறாத பதில் கிடைக்கும் கேள்விகள் வேறு இரண்டு: எவ்வளவு நேரம் நீடிக்கிறது? என்ன செய்தால் வருகிறது?

படுக்கையில் புரளும்போது, பரணைப் பார்க்கத் தலையைத் தூக்கும்போது, கோலம் போடக் குனியும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், பெரும்பாலும் அது உள்காதில் கல் இடம் மாறிய கோளாறு. தலைசுற்றல்களில் அதிகம் காணப்படுவது இதுதான். இருபது நிமிடம் முதல் அரை நாள் வரை நீடித்து, கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பதும் மங்கினால் மெனியர் நோயாக இருக்கலாம். கோளாறு மூளையில் அல்ல, காதில் இருக்கிறது என்று 1861இல் பாரிஸில் சொன்ன மருத்துவரின் பெயர் அது. ஐந்து நிமிடம் முதல் மூன்று நாள் வரை எப்படி வேண்டுமானாலும் நீடித்து, வெளிச்சமும் சத்தமும் கூசி, ஒற்றைத் தலைவலி வரலாறும் இருந்தால் அது ஒற்றைத் தலைவலியின் இன்னொரு முகம். நாள் கணக்கில் விடாமல் சுற்றி வாந்தி எடுத்தால் காது நரம்பு அழற்சியாக இருக்கலாம், மூளை ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். வீட்டில் இருந்து பிரித்தறியும் காரியம் அல்ல அது. உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சுற்றாமல், மாதக் கணக்கில் தோணியில் நிற்பதுபோல மிதந்தால் அது தனி வகை.

இது தெளிந்த பிறகு ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம். காரணத்தைத் தொடுகிறதா, அல்லது உணர்வை மட்டும் மரக்கச் செய்கிறதா? பலன் தெரிய எத்தனை நாள்? மருந்துச் சீட்டில் வராத செலவு என்ன (கூலி போன நாள், துணைக்கு வரும் ஆள், தூக்கம், விழுந்தால் உடையும் இடுப்பு)? இதையே நம்பி இருந்தால் எதைத் தவறவிடுவோம்?

## மாத்திரை அட்டை

எங்கள் அலமாரியில் இரண்டு வகை இருக்கின்றன. முதல் வகை, காதிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியை மந்தப்படுத்துவது: ப்ரோகுளோர்பெரசின், சின்னரசின், டைமென்ஹைட்ரினேட் முதலியன. கடும் சுற்றலும் வாந்தியும் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இவை வரம். ஊசியாகப் போட்டால் வாந்தி நின்று நோயாளி கண் திறந்து பார்ப்பார். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வயிறு புரட்டுகிறவர்களுக்கும், புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொண்டால், மாத்திரைதான் சரியான தேர்வு. அங்கே நான் தயங்காமல் விற்பேன்.

சிக்கல் நான்காம் நாளில் தொடங்குகிறது. ஒரு காது பழுதானால் மூளை தானே கணக்கைத் திருத்திக்கொள்ளப் பழகும். செய்தியை மந்தமாக்கும் மாத்திரை அந்தப் பழக்கத்தையும் மந்தமாக்கும். மூன்று நாளுக்கு எழுதிய சீட்டை மூன்று மாதம் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் சிலருக்கு, இவற்றில் சில மாத்திரைகளால், சில மாதங்களில் கை நடுங்கி, நடை சுருங்கி, முகத்தில் உணர்ச்சி குறையும். பார்க்கின்சன் நோய் என்று நினைத்து அதற்கு வேறு மருந்து தொடங்கிவிடுவார்கள். காரணம் தலையணைக்கடியில் இருக்கும் பழைய அட்டை. தூக்கக் கலக்கத்தில் இரவு கழிப்பறைக்குப் போய் விழுந்தால் இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை. அட்டையின் விலையோடு அதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

இரண்டாம் வகை பீட்டாஹிஸ்டின். நம் ஊரில் தலைசுற்றல் என்றாலே இதுதான். நாளுக்கு மூன்று என்று எழுதுவார்கள், மாதத்துக்குத் தொண்ணூறு மாத்திரை ஆகும். மெனியர் நோய்க்காகப் பல நாடுகளில் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இன்று இதற்கு அங்கீகாரம் இல்லை. ஜெர்மனியில் மெனியர் நோயாளிகள் 221 பேரிடம் ஒன்பது மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது: மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தாக்குதல்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. இரு சாராருக்குமே தாக்குதல் குறைந்திருந்தது. "சாப்பிட்ட பிறகுதான் குறைந்தது" என்று என்னிடம் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை என்பதும் இதில் இருக்கிறது. பெரிய தீங்கு செய்யும் மருந்து அல்ல. வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆனால் கல் இடம் மாறிய கோளாறுக்கு இதனால் எதுவும் ஆகாது. கன்னடியன் கால்வாயில் மண் சேர்ந்தால் தூர்வாரத்தான் வேண்டும், தண்ணீருக்கு மருந்து ஊற்றிப் பயனில்லை.

## கட்டில் வைத்தியம்

பெயர் நான் வைத்தது. மருத்துவப் பெயர் எப்ளி முறை. ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் 1992இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். தலையைத் திருப்பிப் படுக்கவைத்தால் நோய் போகும் என்றால் யார் நம்புவார்கள்? சக மருத்துவர்களே முதலில் நம்பவில்லை.

உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. பக்கத்து அறையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் பசைப்பரப்பில் ஒட்டியிருக்கும். வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, பெரும்பாலும் காரணமே தெரியாமலோ சில துகள்கள் உதிர்ந்து குழாய்க்குள் விழுகின்றன. புரண்டு படுக்கும்போது அவை உருள, திரவம் அசைய, தலை சுழல்வதாக மூளை நினைத்துக்கொள்கிறது. எப்ளி முறை தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகள்கள் தாமே உருண்டு பழைய அறைக்குப் போகும்படி செய்கிறது. கத்தி இல்லை, மருந்து இல்லை, புவியீர்ப்புதான் வேலை செய்கிறது.

அம்மா வீரவநல்லூரில் இருக்கிறாள். வலப்பக்கம் புரண்டால் வீடே புரளும் என்பாள். அதனால் மூன்று ஆண்டுகள் இடப்பக்கமாகவே ஒருக்களித்துத் தூங்கினாள். பரணில் இருந்த பத்தமடைப் பாயை எடுக்க அண்ணாந்து பார்த்து ஒருமுறை விழுந்தாள். விடியற்காலைக் கோலம் சித்தியின் பொறுப்பாகிவிட்டது. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தோம், கழுத்துப் பட்டை போட்டோம், தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மாதாமாதம் தொண்ணூறு மாத்திரை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவர், மகள் வயதிருக்கும், கேட்ட ஒரே கேள்வி: "எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது அம்மா?"

அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் நாற்பத்தைந்து பாகை திருப்பிப் பிடித்து, வேகமாகப் படுக்கவைத்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. "கண்ணை மூடாதீர்கள், என் மூக்கைப் பாருங்கள்." நான்கைந்து நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மாவின் கண்மணிகள் மேல்நோக்கித் துள்ளித் துள்ளி, கடிகார முள் வெட்டுவதுபோல் ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கின. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பார்த்தீர்களா?" என்றார் மருத்துவர் என்னிடம். மூன்று ஆண்டுகள் நான் விற்ற நோயை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கண்மணி நின்றதும் தலையை இடப்பக்கம் திருப்பினார், ஒரு நிமிடம். அப்படியே உடம்போடு இடப்பக்கம் புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்தார், இன்னொரு நிமிடம். மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாத்திரை எழுதவில்லை. வெளியே வந்து அம்மா, "இதற்குத்தான் மூன்று வருஷமா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓரிரு முறை செய்ததில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குச் சரியாகிவிடும். மறுநாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், குனியவே கூடாது என்ற கட்டுப்பாடுகள் தேவையில்லை என்று இன்றைய வழிகாட்டல்கள் சொல்கின்றன. மறைந்த செலவும் இருக்கிறது. செய்யும்போது ஒரு நிமிடம் நரகம், சிலருக்கு வாந்தி வரும். சில ஆண்டுகளுக்குள் கணிசமானவர்களுக்குத் திரும்ப வரும், மறுபடி செய்ய வேண்டும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் கைபேசிக் காட்சியைப் பார்த்துச் செய்தால் வலக்காதுக் கல்லுக்கு இடக்காது வைத்தியம் ஆகிவிடும். கழுத்தில் கடும் பாதிப்போ அறுவை சிகிச்சையோ உள்ளவர்கள், விழித்திரை கிழிந்தவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது. முதல் முறை தெரிந்தவர் கையால் செய்துகொண்டு, பக்கத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுப்பார்கள்.

ஒரு கிளைச் செய்தி. வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு இந்தக் கல் கோளாறு அடிக்கடி திரும்புகிறது என்றும், குறையைச் சரிசெய்தால் அது தணிகிறது என்றும் கொரியாவில் நடந்த சோதனை ஒன்று 2020இல் வெளியானது. நெல்லைச் சீமையில் வெயிலுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். காலை முதல் மாலை வரை வீட்டுக்குள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணின் கையில் அந்த வெயில் படுவதில்லை.

## ஸ்கேன்

ஸ்கேன் ஒரு வைத்தியம் அல்ல. இதைச் சொல்லக் காரணம், "ஸ்கேன் எடுத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை" என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று கேட்டால் மனம் இறங்கும், அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் தலைசுற்றலுக்கு முதலில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன், மூளைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் நல்லது. சிறுமூளைப் பகுதியில் புதிதாக ஏற்பட்ட அடைப்பை அது பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. நல்லது. அதுவும் முதல் இரண்டு நாட்களில் சிறிய அடைப்பைத் தவறவிடக்கூடும். விடாத சுற்றலில், பயிற்சி பெற்ற மருத்துவர் கண்ணசைவை வைத்துச் செய்யும் சோதனை அந்த நேரத்தில் எம்.ஆர்.ஐ.யைவிட நம்பகமானது என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது. இயந்திரம் பெரியது என்பதற்காகப் பதிலும் பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எப்போது ஸ்கேன்தான் சரி? மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருக்கும்போது. முதல் முறையாகக் கடும் சுற்றல் நாள் கணக்கில் நீடித்து, வயதும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருக்கும்போது. ஒரு பக்கக் காது மட்டும் படிப்படியாக மந்தமாகிக்கொண்டு போகும்போது. படுக்கையில் புரண்டால் மட்டும் வரும் அரை நிமிடச் சுற்றலுக்குத் தேவையில்லை. அங்கே அதன் மறைந்த செலவு பணம் மட்டும் அல்ல. அறிக்கையில் "வயதுக்கேற்ற மாற்றங்கள்" என்று ஒரு வரி வரும். அதைப் படித்துவிட்டு அறுபது வயதுக்காரர் தூக்கம் இழப்பார்.

## கழுத்துப் பட்டை

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டிய யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் பெரும்பாலும் தெரியும், தலைசுற்றல் இல்லாதவர்களுக்கும் தெரியும். தலை குனிந்தே வேலை செய்யும் பீடிச் சுற்றுக்காரர்களுக்கும் நெசவாளர்களுக்கும் கழுத்துவலி உண்மை. அதற்கு வைத்தியம் வேண்டும். ஆனால் சுற்றலுக்குப் பழியைக் கழுத்தின் மேல் போட்டுப் பட்டையை மாட்டினால், தலையை அசைத்துப் பழக வேண்டிய நேரத்தில் தலையைக் கட்டிப்போடுகிறோம். அம்மாவின் பட்டை இப்போது பரணில் இருக்கிறது.

## சித்த மருத்துவமும் கைவைத்தியமும்

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இந்தச் சீமையில் சித்த வைத்தியம் வேற்று வழி அல்ல, பலருக்கு முதல் வழி. "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்ற பேச்சைக் கேலி செய்கிறவன் அல்லன் நான். குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு நவீன ஆய்வுகளும் ஓரளவு சான்று தருகின்றன. நீர் வற்றிய உடம்புக்கு உப்புப் போட்ட மோரும் நன்மை செய்யும். ஆனால் மோர் கொடுக்கும் முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் அதிகம் உள்ளவருக்கும் மெனியர் நோயாளிக்கும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

கல்லூரி மருத்துவமனையில் சீட்டுப் போட்டு, படித்த மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குவது வேறு. திருவிழாக் கூட்டத்தில் பெயர் ஒட்டாத டப்பாவில் பொடி வாங்குவது வேறு. பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். கண்ணூறு கழிப்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும், அதில் நட்டம் ஒரு பிடி மிளகாய் வற்றல்தான். உண்மையான நட்டம் வேறு இடத்தில்: கஷாயம் தொடங்கியதும் சர்க்கரை மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் இந்த வழியின் பெரிய மறைந்த செலவு அதுதான்.

## பயிற்சி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோடு வந்தவர்களில், படுத்தே கிடந்தவர்களைவிட எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அதிலிருந்து பிறந்தவைதான் சமநிலைப் பயிற்சிகள். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை நகத்தில் நிறுத்தி, தலையை மட்டும் இட வலமாக ஆட்டுவது ஒன்று. சுவரைத் தொட்டபடி ஒரு காலுக்கு முன் ஒரு கால் வைத்து நடப்பது ஒன்று. காது நரம்பு அழற்சிக்குப் பிறகு மிஞ்சும் தள்ளாட்டத்துக்கும், வயதானவர்களின் தடுமாற்றத்துக்கும் இதைவிட நல்லது இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் தோணியில் மிதப்பதுபோல் இருக்கிறது, சந்தைக் கூட்டத்தில் நின்றால் கூடுகிறது என்பவர்களுக்கும் பயிற்சி உதவும். அவர்களுக்குச் சில நேரம் மனநல மருத்துவரும் வேண்டும். "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபப்படுவார்கள். கோபத்துக்கு இடமில்லை. ஆபத்து முடிந்த பிறகும் மூளை காவலை விலக்காமல் இருக்கும் கோளாறு அது.

விலை குறைவு, பொறுமை அதிகம். முதல் வாரம் சுற்றல் கூடும், பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். ஆறு வாரமாவது வேண்டும். தனியாக வசிக்கும் முதியவர் ஆள் துணை இல்லாமல் தொடங்கக் கூடாது.

## பழைய சீட்டைத் திருத்துவது

யாரும் தேர்ந்தெடுக்காத வழி இது. ஒரு அண்ணாச்சி, எழுபது வயதிருக்கும், ஆலங்குளம் பக்கம். அழுத்தத்துக்கு ஒரு மருத்துவர் இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். சிறுநீர் அடைப்புக்கு வேறொருவர் டாம்சுலோசின் எழுதியிருந்தார், அதுவும் அழுத்தத்தை இறக்கக்கூடியது. முன்னவரின் சீட்டைப் பின்னவருக்கு இவர் காட்டவில்லை. விடியற்காலை எழுந்ததும் கண் இருட்டும் என்று தலைசுற்றல் மாத்திரை கேட்டு வந்தார். கடை பெஞ்சில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தேன், மேல் எண் 138. எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம் 108. நின்றால் மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். புதிதாக எந்த மாத்திரையும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் ஒன்றைக் குறைத்தார், இன்னொன்றை இரவுக்கு மாற்றினார். நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, நீங்களும் நிறுத்த வேண்டாம். எல்லாச் சீட்டையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள், போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குப் பொருந்தும் | பலன் தெரிய | மறைந்த செலவு |
|---|---|---|---|
| மந்தமாக்கும் மாத்திரை | முதல் 2–3 நாள் கடும் சுற்றல், வாந்தி. மலைப்பாதைப் பயணம் | மணிக் கணக்கு | தூக்கம், விழுதல், நடுக்கம், தேறுதல் தாமதம் |
| பீட்டாஹிஸ்டின் | மருத்துவர் மெனியர் என்று சொன்னால் முயலலாம் | வாரக் கணக்கு, உறுதி இல்லை | மாதத்துக்கு 90 மாத்திரை, உண்மைக் காரணம் மறைந்துபோதல் |
| எப்ளி முறை | புரண்டால் வரும் அரை நிமிடச் சுற்றல் | அன்றே அல்லது சில நாளில் | ஒரு நிமிட அவதி, திரும்ப வருதல் |
| ஸ்கேன் | ஆபத்து அறிகுறி, ஒரு பக்கச் செவி மந்தம் | வைத்தியம் அல்ல | பணம், வீண் பயம், சி.டி. தரும் பொய்யான நிம்மதி |
| கழுத்துப் பட்டை | சுற்றலுக்குப் பொருந்தாது | இல்லை | தலையசைவு முடங்குதல் |
| சித்தம், கைவைத்தியம் | குமட்டல், சோர்வு. மற்ற மருந்தோடு சேர்த்து | மாறும் | பழைய மாத்திரையை நிறுத்துதல், பெயரில்லாப் பொடி |
| பயிற்சி | நீடித்த தள்ளாட்டம், மிதப்பு | 6 வாரம் முதல் | பொறுமை, துணை ஆள் |
| சீட்டைத் திருத்துவது | எழுந்தால் கண் இருட்டுதல் | சில நாள் | கிட்டத்தட்ட இல்லை |

## எங்கே போவது

எழுந்தால் இருட்டுகிறவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். புரண்டால் சுற்றுகிறவர்களும் காது இரைகிறவர்களும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் நேரே போவதுதான் சிக்கனம். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விட வேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும், இருவருடைய அன்றைய கூலியும் போகும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது ஒரு ஆறுதல். கூலி போகிறதே என்று அட்டை வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன்: ஒரு நாள் கூலி ஒரு முறை போகும், தொண்ணூறு மாத்திரை மாதாமாதம் போகும்.

போகும்போது ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை நொடி அல்லது எத்தனை மணி. என்ன செய்யும்போது. காதில் ஏதேனும் மாற்றம் உண்டா. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர். சுற்றல் வரும் நேரத்தில் கண்மணி ஆடுவதைக் கைபேசியில் யாராவது படம்பிடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. மருத்துவமனைக்குப் போன நேரத்தில் பல நோயாளிகளுக்கு அது வராது.

அம்மாவுக்குப் பதினான்கு மாதம் கழித்து மறுபடி வந்தது. இதற்கு நடுவில் பக்கம் வலதுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, எப்படிச் செய்வது என்று மருத்துவரிடம் நானும் கற்றுக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "வந்துவிட்டதடா. சாயங்காலம் வரும்போது மாத்திரை ஒன்றும் எடுத்து வராதே. கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட வேண்டும், அதற்கு ஒரு ஆளைக் கூட்டி வா."